தைராய்டு மாத்திரையும் அமுக்கரா கேப்சூலும்: அக்காவுக்கு என்ன ஆயிற்று?

கூரைமழை (இழையைத் தொடங்கியவர்)

என் அக்காவுக்கு வயது 52. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகப் பத்து ஆண்டுகளாகத் தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் எடுத்து வருகிறார். ஒரு தொல்லையும் இருந்ததில்லை. சென்ற ஆண்டு பார்த்தபோது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், உடலில் தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இது இறங்கும்) 2.8. ஆனால் ஒரு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, காபி தம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது, நான்கு கிலோ இளைத்துவிட்டார். சோதித்துப் பார்த்தால் டிஎஸ்எச் 0.08.

"மாத்திரையைத் தவறுதலாக இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் அக்கா. "வேறு ஏதாவது மருந்து?" அதற்கும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்கிறார், மூன்று மாதமாக அஸ்வகந்தா கேப்சூல் சாப்பிடுகிறாராம்! தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்கு அண்ணன் மகள் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள். முதலில் ஒன்று. அது போதவில்லை என்று இப்போது இரண்டு.

ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "அவர் மருந்து என்றுதானே கேட்டார்? இது நம் அமுக்கராக் கிழங்கு. பாட்டி பாலில் கலந்து கொடுத்ததுதானே" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டி கொடுத்தது உண்மைதான்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? பாட்டி கொடுத்த பொடியும் இந்தக் கேப்சூலும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சோதனைக்குழாய்

மருந்தாளுநர் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கேப்சூலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தைராக்ஸினை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே அந்த மருத்துவரிடம் போய்க் கேப்சூல் விஷயத்தைச் சொல்லுங்கள். படபடப்பு அதிகமானாலோ நாடி தாறுமாறாக ஓடினாலோ நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தொடர்பு இருக்க முடியும். சுரப்பு இலேசாகக் குறைந்திருந்த 50 பேரை வைத்து இந்தியாவில் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. அமுக்கரா வேர்ச்சாறு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம், எட்டு வாரம். எடுத்துக்கொண்டவர்களுக்கு டிஎஸ்எச் இறங்கியது, தைராய்டு ஹார்மோன்கள் ஏறின. இதை விற்பவர்கள் நற்செய்தியாகப் பரப்புகிறார்கள். ஹார்மோனை ஏற்கெனவே அளந்து வெளியிலிருந்து எடுத்துக்கொள்பவருக்கு அது நற்செய்தி அல்ல. தைராய்டு நோயே இல்லாத ஒரு பெண்ணுக்கு அஸ்வகந்தா கேப்சூலால் தைராய்டு மிகை வந்ததை நெதர்லாந்து மருத்துவர்கள் 2005லேயே பதிவு செய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

ஆனாலும் ஒருவருக்கு நடந்ததை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் அவசரப்பட்டு அடுத்த வாரமே சோதிப்பதில் பயனில்லை.

கேப்சூல் டப்பாவின் பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்களேன்.

---

கூரைமழை

நன்றி. காலையிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுகிறோம். டப்பாதான் இல்லை. கேப்சூல்களையெல்லாம் ஊறுகாய் ஜாடி ஒன்றில் கொட்டி வைத்திருக்கிறார். அட்டை, சீட்டு எல்லாம் குப்பைக்குப் போய்விட்டதாம். அண்ணன் மகளுக்கும் பெயர் நினைவில்லை. "ஏதோ பச்சை நிறம், இலை படம் போட்டிருந்தது" என்கிறாள். எல்லா டப்பாவும் அப்படித்தானே இருக்கிறது!

---

பழையஏடு

ஆரம்பித்துவிட்டீர்களா! ஆயிரம் ஆண்டுகளாக நம் சித்தர்கள் கொடுத்துவந்த மூலிகை, எட்டு வார ஆய்வு ஒன்று வந்ததும் விஷமாகிவிட்டது. பத்து ஆண்டுகளாகத் தின்னும் ஆங்கில மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்காதா? அதைப் பெட்டிக்கடையில்கூட விற்கிறார்கள். நம் பொருள் என்றால் மட்டும் ஆயிரம் கேள்வி.

---

அஞ்சறைப்பெட்டி

பழையஏடு ஐயா, கோபம் வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். அப்பா நாற்பது ஆண்டு நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். பள்ளி விட்டு வந்ததும் எனக்கு உரலடிதான் வேலை. அதனால் இந்த வேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அமுக்கரா மூட்டை எங்களுக்கு வடக்கிலிருந்துதான் வரும். மத்தியப் பிரதேசத்தின் நீமச் சந்தைதான் இதற்குப் பேர்போனது. ராஜஸ்தானின் நாகூர்ப் பக்கத்துச் சரக்குக்குத் தனி மதிப்பு. மழைக்காலத்தில் விதைத்து, இலை காய்ந்து பழம் சிவந்த பிறகு, குளிர் முடியும் தறுவாயில் செடியோடு பிடுங்குவார்கள். வேரை வெட்டிக் காயவைத்து ரகம் பிரிப்பார்கள். சுண்டுவிரல் பருமன், நேராக, வழவழவென்று, ஒடித்தால் படக்கென்று ஒடிந்து உள்ளே மாவு வெள்ளையாக இருந்தால் முதல் தரம். நார் நாராக இழுத்தால் முற்றிய வேர். அப்பா ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டையை இறக்கவே விடுவார். புது வேரில் குதிரை லாய வாடை அடிக்கும். அசுவகந்தம் என்ற பெயரே அதனால்தான் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கடைக்கு இலை வந்ததே இல்லை. இலை கிடைத்தால் கட்டிக்கும் வீக்கத்துக்கும் வதக்கிக் கட்டுவார்கள். உள்ளுக்குக் கொடுத்தது வேர் மட்டும்தான்.

அமுக்கராச் சூரணத்தின் கணக்கும் அழகானது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரட்டிப்பு. கடைசியில் சர்க்கரை 128. மனக்கணக்கு வராத எனக்கு அப்பா இரட்டிப்பு வாய்பாட்டை இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் கூட்டுங்கள், 255. அதில் அமுக்கரா 64. அதாவது சூரணத்தில் கால் பங்குதான் அமுக்கரா. பாதி சர்க்கரை. மிச்சம் கால் பங்கு செரிக்க வைக்கிற சரக்குகள். ஒரு வேளைக்கு இரண்டு கிராம் சூரணம் என்றால் உள்ளே போகும் வேர் அரை கிராம். காலை மாலை சேர்த்து ஒரு கிராம்.

கூரைமழை கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். உங்கள் பாட்டி கொடுத்தது இந்த ஒரு கிராம்.

---

சோதனைக்குழாய்

அஞ்சறைப்பெட்டி போட்ட கணக்கை நான் மேலே கொண்டுபோகிறேன். அமுக்கராவில் வேலை செய்யும் பொருள்களுக்கு விதானோலைடு என்று பெயர். காய்ந்த வேரில் இவை பொதுவாக ஒரு சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஒரு சதவீதம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் வேரில் 10 மில்லிகிராம்.

கேப்சூலில் இருப்பது பொடி அல்ல, சாறு. வேரைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்துச் செறிவாக்கியது. 5 சதவீதம், 10 சதவீதம் என்று அச்சிட்டு விற்கிறார்கள். 35 சதவீதம்கூட இருக்கிறது. 5 சதவீதச் சாறு 600 மில்லிகிராம் என்றால் 30 மில்லிகிராம் விதானோலைடு. 10 சதவீதச் சாறு 500 மில்லிகிராம் கேப்சூல் இரண்டு என்றால் 100 மில்லிகிராம். பாட்டி கொடுத்ததைப்போல் பத்து மடங்கு! பாலில் கரைத்த பொடியிலிருந்து எவ்வளவு உடலில் சேரும், ஆல்கஹாலில் வடித்த சாற்றிலிருந்து எவ்வளவு சேரும் என்பது இன்னொரு கதை.

இனி பாரசிட்டமால். பழையஏடு சொல்வது உண்மை. அளவு மீறினால் அது கல்லீரலைக் கொல்லும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதல் காரணமே அதுதான். ஆனால் எத்தனை கிராமில் ஆபத்து என்று நமக்குத் தெரியும். நேரத்தோடு கொண்டுவந்தால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. அமுக்கராவால் வரும் கல்லீரல் பாதிப்பு அப்படிப்பட்டதல்ல. ஆயிரம் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். யாரோ ஒருவருக்கு, சரியான அளவிலேயே, மஞ்சள் காமாலை வரும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு வழியில்லை.

---

தூக்கம்வராதவன்

அமுக்கராவுக்கு வராககர்ணி என்றும் ஒரு பெயர் உண்டு. இலை பன்றிக் காது போல இருக்குமாம். கிடிச்செவி என்பதும் அதேதான், கிடி என்றால் பன்றி. குதிரை நாற்றம், பன்றிக் காது. இவ்வளவு அவமானத்துக்கும் பிறகு அந்தச் செடி நம்மைத் தூங்க வைக்க வேண்டும் என்றால் அது பெரிய மனதுதான்.

உண்மையாகவே கேட்கிறேன். இது தூக்கம் தருமா, தராதா?

---

சோதனைக்குழாய்

கொஞ்சம் தரும். ஐந்து ஆய்வுகளில் இருந்த 400 பேரின் முடிவுகளைச் சேர்த்து 2021இல் அலசியிருக்கிறார்கள். பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. தூக்கமின்மை நோயாக இருந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. மன அழுத்தத்துக்கும் அப்படியே. 2012இல் 64 பேரிடம் 60 நாள் நடந்த ஆய்வில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவு தெளிவாகக் குறைந்தது. ஆகவே ஒன்றுமில்லாத பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தோடு நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இவற்றில் விடை இல்லை.

---

கரையோரம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்லீரல் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 31 வயது. மது கிடையாது. உடற்பயிற்சிக்கூடத்தில் ஒரு நண்பர் சொன்னார் என்று அஸ்வகந்தா கேப்சூல் வாங்கினேன். ஆறாவது வாரம் உள்ளங்கையில் அரிப்பு தொடங்கியது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றினேன். பிறகு உள்ளங்கால், முதுகு. இரவில் சீப்பை வைத்துச் சொறிந்துகொள்ளும் நிலை. தோல் மருத்துவர் ஒவ்வாமைக்கு மாத்திரை கொடுத்தார். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனபோது தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். கடைசியில் கண் மஞ்சளைக் கண்டுபிடித்தது என் ஐந்து வயது மகள். "அப்பா, உன் கண்ணில் மஞ்சள் பூசியிருக்கிறது" என்றாள்.

பிலிருபின் (காமாலையில் இரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமி) 14. ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, இ எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. அப்போதும் கேப்சூல் என் நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது முறை, "மருந்து என்று நீங்கள் நினைக்காத எதையாவது சாப்பிடுகிறீர்களா? பொடி, கஷாயம், புரோட்டீன், எதுவானாலும்" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான் சொன்னேன். கூரைமழையின் அக்காவைக் குறை சொல்லாதீர்கள். நானும் அதையேதான் செய்தேன்.

நிறுத்தி இரண்டரை மாதம் ஆயிற்று எல்லாம் பழைய நிலைக்கு வர. அரிப்பு கடைசியாகத்தான் போயிற்று.

---

சோதனைக்குழாய்

கரையோரம் எழுதியது புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது. ஐஸ்லாந்தில் மூன்று பேர், அமெரிக்காவில் இரண்டு பேர் என ஐந்து பேரின் விவரம் 2020இல் வெளியானது. ஐவருக்கும் மஞ்சள் காமாலை. தொடங்கியது இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். அரிப்புதான் பெரிய தொல்லை. எவருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை, சில மாதங்களில் சரியாகிவிட்டார்கள்.

ஆனால் 2023இல் இந்தியாவிலிருந்தே வந்த தொகுப்பு அவ்வளவு ஆறுதலானது அல்ல. ஏற்கெனவே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களில் மூவருக்குச் செயலிழப்பு ஏற்பட்டது. மூவரும் இறந்துவிட்டார்கள். கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் எழுதிக் கொடுத்ததும் "கல்லீரலுக்கு நல்லது" என்று மூலிகை தேடிப் போகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

---

பழையஏடு

கரையோரம் நலமடைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நான் கேட்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்தச் செய்தியெல்லாம் இப்போதுதானே வருகிறது? இத்தனை நூற்றாண்டாக நம் மக்கள் மஞ்சள் காமாலையில் விழவில்லையே? டென்மார்க்கில் தடை செய்துவிட்டார்களாம். அவர்களுக்கும் நம் கிழங்குக்கும் என்ன சம்பந்தம்?

---

குப்பைமேனி

நான் சித்த மருத்துவம் படித்துப் பார்த்துவருபவன். பழையஏடு ஐயாவின் கேள்வி நியாயமானது, ஆனால் ஒரு திருத்தம். "விழவில்லை" என்று சொல்ல முடியாது. விழுந்தவரைக் கிழங்கோடு சேர்த்துப் பார்த்தவர் இல்லை. ஊரில் பத்துப் பேருக்குக் காமாலை வரும், அதில் ஒருவர் அமுக்கரா சாப்பிட்டவராக இருந்தால் யார் கணக்கு வைத்திருப்பார்கள்? அரிதாக வரும் கேட்டை அனுபவத்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வாந்தி, பேதி என்றால் உடனே தெரிந்துவிடும். அவற்றை நம் முன்னோர்கள் கண்டு எழுதியும் வைத்தார்கள்.

எழுதி வைத்ததையாவது நாம் படிக்கிறோமா? மருந்துப் பொருள்களின் குணத்தைச் சொல்லும் குணபாடத்தில் அமுக்கராவை உடல்தேற்றி, உரமாக்கி, வீக்கமுருக்கி, உறக்கமுண்டாக்கி என்றெல்லாம் சொல்கிறோம். கூடவே அது வெப்ப வீரியம் உள்ளது, அனலைக் கூட்டும் என்பதும் இருக்கிறது. அதனால்தான் பச்சையாகக் கொடுப்பதில்லை. பானையில் பாலும் நீரும் விட்டு, வாயில் துணி கட்டி, வேர்ப்பொடியை அதன்மேல் வைத்துப் பிட்டு அவிப்பதுபோல ஆவியில் அவிக்க வேண்டும். பிட்டவியல் என்போம். பிறகு உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்துத்தான் சூரணம். கொடுக்கும்போதும் பால் அல்லது நெய் அனுபானம், அதாவது அதில் கலந்து கொடுப்போம். ஒரு மண்டலம் கொடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்போம். நாடி துடித்து ஓடுபவருக்கு, உடல் கொதிப்பவருக்கு, எடை தானாகக் குறைபவருக்கு இதைக் கையில் எடுக்கவே தயங்குவோம். கூரைமழையின் அக்கா இன்று இருக்கும் நிலையை அவர் பாட்டியின் வைத்தியர் பார்த்திருந்தால் "பித்தம் மிஞ்சியிருக்கிறது, இது வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். டிஎஸ்எச் பார்த்திருக்க மாட்டார், ஆனால் முடிவு அதுதான்.

டென்மார்க்கைப் பற்றி. அவர்களுடைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020இல் ஓர் அறிக்கை கொடுத்தது. தைராய்டு, பாலின ஹார்மோன்கள், கருக்கலைவு பற்றிய ஐயங்களைச் சொல்லிப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிர்ணயிக்க முடியாது என்றார்கள். 2023இல் தடை வந்தது. எனக்கு அந்தத் தடை மிகையாகவே படுகிறது. வைத்தியர் கையில் இருக்க வேண்டியதைச் சந்தையில் திறந்துவிட்டு, பிறகு மொத்தமாக மூடுவது நல்ல வழி அல்ல. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தவறல்ல. கருவுற்றவர்களுக்கு நானும் கொடுப்பதில்லை.

நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021இல் ஆயுஷ் அமைச்சகம் மருந்து தயாரிப்பவர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அமுக்கரா இலையைப் பயன்படுத்தாதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று. ஏன் அனுப்ப வேண்டியிருந்தது? இலையைக் கலக்கிறார்கள் என்பதால்தானே. வேரைக் கிண்டி எடுக்கக் கூலி அதிகம், இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதோடு விதாஃபெரின் ஏ என்ற பொருள் இலையில்தான் மிகுதி. சோதனைக்கூடத்தில் அது உயிரணுக்களைக் கொல்லக்கூடியது. விதானோலைடு சதவீதத்தை உயர்த்திக் காட்ட இலை கைகொடுக்கும். அஞ்சறைப்பெட்டியின் அப்பா இறக்கவே விடாத சரக்கு இப்போது கேப்சூலுக்குள் போகிறது. இதைத்தான் மரபு என்று சொல்லிக் காக்கப் போகிறோமா?

---

பழையஏடு

இலை கலப்பது எனக்குத் தெரியாது. அது அயோக்கியத்தனம்தான்.

ஆனால் ஆயுஷ் உரிமம் பெற்ற மருந்து என்றால் நம்பலாம் அல்லவா?

---

அஞ்சறைப்பெட்டி

ஐயா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. டப்பாவில் எந்த உரிம எண் என்று பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தாகச் செய்தால் 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் கீழ் மாநில அரசு கொடுக்கும் உரிமம். அதில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று உலோகங்களுக்கு வரம்பு உண்டு. ஆனால் கடைகளில் மினுக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை உணவு. ஆம், உணவு! உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்தான் இருக்கும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஊட்டச்சத்துப் பொருளாக விற்கிறார்கள். அப்படிப்பட்ட டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட்டாக வேண்டும். அச்சிட்டிருப்பார்கள், எறும்பு ஊர்வது போல. முன்பக்கம் நிலவும் தூங்கும் பெண்ணும்.

என் பெரியம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "மருத்துவத்துக்கு இல்லையென்றால் பிறகு எதற்கு, சாம்பாருக்கா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாகக் கேட்க எனக்குத் தெரியாது.

---

செம்பருத்தி

மன்னிக்க வேண்டும், நடுவில் ஒரு கேள்வி. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பதற்றம் அதிகம். நினைவாற்றலுக்கு நல்லது என்று அமுக்கரா லேகியம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

---

குப்பைமேனி

அம்மா, நேரில் பார்க்காமல் நான் ஆம் என்று சொல்ல மாட்டேன். 17 வயதுப் பிள்ளைக்குத் தேர்வுப் பதற்றம் வருவது நோய் அல்ல. தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று முதலில் பாருங்கள். கடைச் சரக்கை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சிறுவர்களுக்கு வேண்டாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் 2024இல் சொல்லியிருக்கிறது. கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோரையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

---

சோதனைக்குழாய்

அந்தப் பட்டியலோடு கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வதையும் சேர்த்துவிடுகிறேன். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை, உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் எதிர்ப்புத்திறன் குறைக்கும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் கேட்காமல் அமுக்கராவைத் தொடாதீர்கள். சர்க்கரையையும் அழுத்தத்தையும் அதுவும் கொஞ்சம் இறக்கும். இரண்டு இறக்கிகள் சேர்ந்தால் தலை சுற்றிக் கீழே விழுபவர் பெரும்பாலும் வயதானவர்.

கரையோரம் சொன்ன அறிகுறிகளையும் மறக்க வேண்டாம். புள்ளி இல்லாத, தடிப்பு இல்லாத அரிப்பு. தேநீர் நிறச் சிறுநீர். இந்த இரண்டும் வந்தால் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள்.

---

கரையோரம்

ஒன்று கேட்க மறந்தேன். என்னைப் போன்றவர்கள் இதை எங்கே புகார் செய்வது? மருத்துவமனையில் குறித்துக்கொண்டார்கள். அதற்குமேல் என்ன ஆயிற்று என்று தெரியாது.

---

குப்பைமேனி

சித்த, ஆயுர்வேத மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 2018 முதல் ஆயுஷ் அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டம் ஒன்று நடக்கிறது. தலைமை தில்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம். நம் பக்கம் தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். நோயாளியே எழுதிக் கொடுக்கலாம். உங்களுடையது உணவு உரிமத்தில் வந்த டப்பாவாக இருந்தாலும் எழுதுங்கள். "இது எங்களுடையது அல்ல" என்று அவர்கள் சொன்னால், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் இதில் ஒரு மனத்தடை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். புகார் எழுதினால் சித்த மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் என்று நினைக்கிறார்கள். எழுதாமல் விட்டதால்தான் பெயர் கெட்டிருக்கிறது என்பது என் கட்சி. சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி வசவு வாங்கியும் இருக்கிறேன்.

---

கூரைமழை (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

எல்லாருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும், சோதனை முடிவு கையில் வரட்டும் என்றிருந்தேன்.

கேப்சூலை அன்றே நிறுத்தினோம். மருத்துவர் தைராக்ஸின் அளவை மாற்றவில்லை, படபடப்புக்கு மட்டும் சில நாள் மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரமே கை நடுக்கம் நின்றது. நேற்று டிஎஸ்எச் 1.9. எடையும் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. "காரணம் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மறுபடி சாப்பிட்டு நிரூபித்துக் காட்டவும் வேண்டாம்" என்றார் மருத்துவர்.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை. மாதவிடாய் நிற்கும் பருவம், இரவில் வியர்த்துக் கொட்டுகிறது என்பதை இப்போதுதான் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். ஆக, தூக்கம் வராததற்குக் காரணம் என்ன என்று கேப்சூல் வாங்கிய நாளில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அதற்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சோதனைக்குழாய் கேட்ட டப்பா கிடைத்துவிட்டது! எப்படி என்று கேளுங்கள். அண்ணன் மகள் வாங்கியது இரண்டு டப்பா. பிரிக்காத இரண்டாவதை வீணாக்க மனமில்லாமல் அக்கா எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுத்திருக்கிறார். "எனக்குத் தைராய்டு, அதனால் ஆகவில்லை. அவருக்குத் தைராய்டு இல்லையே" என்கிறார்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்.

---

சோதனைக்குழாய்

உடனே போய் வாங்கிவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்துவிட்டாரா?

---

கூரைமழை

போய்விட்டு வந்தேன். பத்து நாளாகச் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டுகிறதாம், வயதுக்கோளாறு என்று நினைத்தாராம். சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டிலேயே இருந்தது, பார்த்தோம், 74. அவர் மகனிடம் சொல்லிவிட்டேன், மாலையில் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்.

டப்பா இப்போது என் மேஜையில் இருக்கிறது. பின்பக்கத்தில் உள்ளது அப்படியே: அஸ்வகந்தா சாறு 500 மில்லிகிராம். விதானோலைடு 10 சதவீதம். பயன்படுத்திய பகுதி வேர், இலை. 14 இலக்க எண். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.

கடைசி இரண்டையும் படிக்க அக்காவின் கண்ணாடியை வாங்க வேண்டியிருந்தது.